எச்சிகோ-ட்சுமாரி: கலைஞர்கள் தங்கிய வீடுகளைத் தேடி

ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் தோகாமாச்சி நகரமும் ட்சுனான் ஊரும் சேர்ந்த மலைப்பகுதிதான் எச்சிகோ-ட்சுமாரி. சுமார் 760 சதுர கிலோமீட்டர். 2000இல் தொடங்கிய கலைவிழா இங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2021இல் நடக்க வேண்டியது மட்டும் பெருந்தொற்றால் 2022க்குப் போனது. இளையவர்கள் வெளியேறியதால் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் மூடப்பட்ட பள்ளிகளும் மலைச்சரிவு வயல்களும்தான் இங்கே காட்சிக்கூடம். தேர்வான கலைஞர்கள் பலர் ஊரிலேயே வந்து தங்கி வேலை செய்கிறார்கள். ஒரு படைப்பு எந்த வீட்டில் நிற்கிறது, யார் சம்மதித்து நிற்கிறது என்று தெரியாமல் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். அதனால் மூன்று நாளாவது ஒதுக்குங்கள்.

தோக்கியோவிலிருந்து எச்சிகோ-யுசாவாவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஹொகுஹொகு ரயிலில் தோகாமாச்சி, அதைத் தாண்டி மட்சுதாய். பலர் தடுமாறுவது இங்கேதான்: ஜேஆர் ரயில்களுக்கான சுற்றுலாச் சீட்டான ஜேஆர் பாஸ், வழியில் வரும் முய்காமாச்சி வரைதான் செல்லும், அதற்கப்பால் தனி நிறுவனத்தின் பாதை, தனிக் கட்டணம். பேருந்தை நம்பித் திட்டமிட வேண்டாம். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்பட்ட பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் இருந்தால் கார் எடுத்துக்கொள்ளலாம். நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். விழாவின் மஞ்சள் பலகைகள் சாலையோரம் வழிகாட்டும். ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம் போதும். இரண்டு வட்டாரங்களை ஒரே நாளில் திணித்தால் பொழுது மலைவளைவுகளில்தான் போகும். 2024 விழாவில் செவ்வாயும் புதனும் விடுமுறை. கிளம்பும் முன் நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் மட்சுதாய். ஸ்டேஷனை ஒட்டியே கலைஞர்கள் இலியா, எமிலியா கபகோவ் தம்பதியின் நெல்வயல் படைப்பு. சரிவில் உழுபவர், விதைப்பவர் உருவங்கள். எதிரே உள்ள பார்வை மேடையில் நின்றால் முன்னே தொங்கும் எழுத்துகள் அவற்றின் மேல் கவிதையாகப் பொருந்தும். நிலத்துக்காரர் முதலில் மறுத்தார். திட்டத்தைப் பார்த்த பிறகே இசைந்தார். மேடையை விட்டு நகர்ந்தால் எழுத்தும் உருவமும் பிரிந்துபோகும், ஆகவே அங்கேயே நிதானமாக நில்லுங்கள். அதே வட்டாரத்தில், நிஹோன் பல்கலைக்கழக மாணவர்கள் தரை, சுவர், உத்தரம் என எல்லாவற்றையும் உளியால் செதுக்கிய பழைய வீடு ஒன்று உண்டு. வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. செருப்பைக் கழற்றி நடக்கையில் உளித்தடம் பாதத்துக்குத் தெரியும். எனக்கு இந்த விழாவின் உச்சம் இதுதான்.

அடுத்த வட்டாரமான மட்சுநோயாமாவில் நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச்சின் 'கனவு வீடு'. இரவு தங்குபவர்கள் பெட்டி போன்ற படுக்கையில் தனி உடையில் உறங்கி, காலையில் கண்ட கனவை நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அருகே உராதாவில் ஆஸ்திரேலியா ஹவுஸ் இருக்கிறது. கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்யும் ரெசிடென்சிக்கென்றே உள்ள வீடு. முதலில் இருந்த பழைய வீடு 2011 மார்ச் நிலநடுக்கத்தில் போய்விட்டது. 2012இல் கட்டடக் கலைஞர் ஆண்ட்ரூ பர்ன்ஸ் வடிவமைத்த முக்கோண வீடு எழுந்தது.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் நம் நாட்டு நாட்டுப்புற ஓவியங்களைக் கொண்ட மிதிலா அருங்காட்சியகத்தை விட்டுவிடக் கூடாது. மூடிய பள்ளியொன்றில் 1982இல் தொடங்கியது. மதுபனி ஓவியர் கங்கா தேவியும் வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மாஷேவும் இங்கே வந்து தங்கி வரைந்திருக்கிறார்கள். கலைவிழாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்த ரெசிடென்சி இது! இன்னொரு மூடிய பள்ளியில் படக்கதை ஓவியர் தாஷிமா செய்சோ சுள்ளியும் கட்டையும் கொண்டு நடந்து பார்க்கும் படக்கதை ஒன்றைச் செய்திருக்கிறார். அங்கே கடைசியாகப் படித்த மூன்று பிள்ளைகளே கதைமாந்தர். கியோட்சு பள்ளத்தாக்கின் 750 மீட்டர் சுரங்கம் அழகுதான், ஆனால் கூட்டம் அதிகம். காலையில் முதல் ஆளாகப் போங்கள்.

இனி, இந்த விழாவில் படைப்பு வைக்கக் கலைஞராக விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு. இங்கே முதல் நடுவர் பனி. நன்றாகப் படிந்த பனி கனமீட்டருக்குச் சுமார் 300 கிலோ கனக்கும். மூன்று மீட்டர் படிந்தால் ஒரு சதுர மீட்டர் கூரை 900 கிலோ தாங்க வேண்டும். வெளியில் வைத்த மெல்லிய மரச்சட்டம் நொறுங்குவது இதனால்தான். கிடைமட்டப் பரப்பைக் குறையுங்கள், சரிவைக் கூட்டுங்கள், இல்லையேல் பிரித்தெடுக்கும்படி செய்யுங்கள். மின்சாரம் 100 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், தட்டையான இரு முனைப் பிளக். நம் ஊர் 230 வோல்ட் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) செருகினால் ஐந்தில் ஒரு பங்குச் சூடுகூட வராது. கருவிகளை அங்கேயே வாடகைக்கு எடுப்பது நல்லது. புரொஜெக்டர் அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

ஊராரிடம் திட்டத்தைச் சொல்ல நீண்ட கட்டுரை உதவாது. அளவுகள் குறித்த வரைபடம், சிறு மாதிரி, ஜப்பானிய மொழியில் ஒரு பக்கம் போதும். நடவு, அறுவடை வாரங்களில் கூட்டம் கேட்காதீர்கள். யாருடைய நிலம், யார் புல் வெட்டுவார், யார் விளக்குப் போடுவார், விழா முடிந்ததும் எங்கே வைப்பது என்பதையெல்லாம் முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் ஊர் திரும்பியபின் படைப்பைப் பார்த்துக்கொள்ளப்போவது வயதானவர்கள். எந்தப் பாகமும் இருவர் தூக்கும் எடைக்கு மேல் போகக் கூடாது.