குடும்ப வரலாறு: நலம்

இருபத்திரண்டு வருடமாக ஆயுள் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். ப்ரொபோசல் ஃபாரத்தில் 'குடும்ப வரலாறு' என்று ஒரு கட்டம் வரும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள். உயிரோடு இருந்தால் வயதும் உடல்நிலையும், இல்லையென்றால் இறந்த வயதும் காரணமும் எழுத வேண்டும். இந்தக் கட்டத்தை நான் தாண்டும் வேகம் எங்கள் கிளையிலேயே பிரசித்தம்.

"அப்பா எப்ப தவறினார் சார்?"

"எழுபதுல."

"ஹார்ட்டுதானே?"

"அப்படித்தான் போட்டுக்குங்களேன்."

மற்றவர்களுக்கெல்லாம் 'நலம்'. எத்தனை ஆயிரம் 'நலம்' எழுதியிருப்பேனோ தெரியாது.

2023 ஆவணியில் அக்காவுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. ஐம்பத்து நான்கு வயது. இரண்டு மாதம் கேஸ் என்றே நினைத்து ஓமத் தண்ணீரில் ஓட்டினாள். அப்புறம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன். சினைப்பைப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ தொடங்கும்போது டாக்டர், "இந்த வகைக்கு குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னாலும் ஜீன் டெஸ்ட் பார்த்துடறது வழக்கம்" என்றார். பதினெட்டாயிரம் ரூபாய், ஒரு சின்னக் குழாய் ரத்தம், நான்கு வாரக் காத்திருப்பு.

ரிப்போர்ட்டில் பிஆர்சிஏ1 என்று இருந்தது. டாக்டர்கள் 'பிராக்கா' என்கிறார்கள். இது கெட்ட ஜீன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம், எல்லோரிடமும் இருக்கிற நல்ல ஜீன்தான். உடைந்த டிஎன்ஏ இழையைப் பிழையில்லாமல் ஒட்டுவதற்கு உதவுவது அதன் வேலை. அக்காவிடம் இருக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே கெட்டுப்போயிருக்கிறது. பெண்களுக்கு மார்பிலும் சினைப்பையிலும் புற்று வர அது வழிவிடுமாம். கெட்ட இடத்தின் பெயர் 185டெல்ஏஜி, அதாவது இரண்டே எழுத்து விடுபட்டிருக்கிறது. இரண்டு எழுத்துக்கு இவ்வளவு அமர்க்களமா என்று கேட்டேன். ஜீன் டெஸ்ட் பற்றி விளக்கும் கவுன்சிலராக இருந்த இளம்பெண் ஒரு துண்டுத்தாளில் 'அவன் மரம் நடும் இடம்' என்று எழுதினாள். மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். 'மர' என்ற இரண்டு எழுத்தை எடுத்துவிட்டால்? அவன் ம்நடு ம்இட ம். அங்கிருந்து கடைசி வரை எல்லாமே உளறல். செல் பாதியிலேயே படிப்பதை நிறுத்திவிடும், புரதம் அரைகுறையாக நின்றுவிடும். அந்தத் துண்டுத்தாளை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண்தான் எங்கள் வம்சத்தையே ஒரு ஏ4 தாளில் வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு.

"குடும்பத்துல வேற யாருக்காவது கேன்சர்?"

தொழில் புத்தி, வாய் தானாக "இல்லைங்க, எல்லாரும் நலம்" என்றது.

அக்காதான், "அத்தையைச் சொல்லுடா" என்றாள்.

அப்பாவின் தங்கை. மன்னார்குடியில் வாக்கப்பட்டவர். 1986-ல், நாற்பத்தொரு வயதில், வயிறு வீங்கி இறந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. 'வயித்து நோவு' என்றுதான் எங்கள் காதில் விழுந்தது. யோசித்துப் பாருங்கள், என்னுடைய ஃபாரத்தில் அத்தைக்குக் கட்டமே கிடையாது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், அவ்வளவுதான். அத்தை, சித்தி, பாட்டியெல்லாம் யாருடைய வரலாற்றிலும் வரமாட்டார்கள்.

அன்று இரவு நங்கநல்லூர் வீட்டில் அம்மாவை உட்காரவைத்துக் கேட்டோம். அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, அப்பாவுக்குப் பன்னிரண்டு வயதிலேயே இறந்தவர். "மார்ல ஆறாத புண்ணு. வேப்பிலை அரைச்சுப் போட்டாங்க. செய்வினைன்னு சொல்லி எங்கெங்கயோ கூட்டிட்டுப் போனாங்க" என்றார் அம்மா. அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது, எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? "உங்கக்காவுக்கு வரன் பார்த்துட்டிருந்தோம். அப்புறம் உனக்குப் பார்த்தோம். இதையெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டா?"

தாளில் இன்னொரு வட்டம் கறுத்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். கவுன்சிலர் எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பம் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்: "அப்பா அம்மா சொந்தமா?" ஆமாம். அம்மா, அப்பாவுக்குத் தாய்மாமன் மகள். அப்பாயியின் கூடப்பிறந்த அண்ணன்தான் அம்மாவின் அப்பா. அந்தத் தாத்தா எண்பத்து நான்கு வயது வரை வெற்றிலை போட்டுக்கொண்டு திடமாக இருந்தார், ஆனால் அது ஒன்றும் சாட்சி இல்லையாம். ஆண்கள் இந்தக் கோளாறைச் சுமந்துகொண்டு ஒரு தும்மல்கூட இல்லாமல் வாழ்ந்து முடித்துவிடலாம். ஆக அக்காவுக்கு இது அப்பா வழியாகவும் வந்திருக்கலாம், தாத்தா வழியாக அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம். கவுன்சிலர் எங்கள் பெற்றோருக்கு நடுவில் இரட்டைக் கோடு போட்டாள். சொந்தத்தில் கல்யாணம் என்பதற்கு அதுதான் குறியாம். தாளில் கோடுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கொடியாகிவிட்டன.

அம்மா ஏற்கெனவே தீர்ப்பெழுதிவிட்டிருந்தார். "என் வயித்துல பொறந்தவளுக்கு என்கிட்டருந்துதானே வந்திருக்கும்?" பூஜை அறை பக்கமே போகாமல் உட்கார்ந்திருந்தார். எழுபத்தேழு வயதில் கை நீட்டி ரத்தம் கொடுத்தார். தெரிந்த அந்த ஓர் இடத்தை மட்டும் பார்ப்பதால் முதல் டெஸ்ட் அளவுக்குச் செலவில்லை. இரண்டு வாரத்தில் பதில் வந்தது: அம்மாவிடம் இல்லை. அப்பா வழிதான். நாங்கள் சந்தோஷமாகச் சொன்னோம். அம்மா கொஞ்ச நேரம் அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "அவரைக் குத்தம் சொல்லாதீங்க. நல்ல மனுசன்" என்றார். எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் அவருக்கு நிம்மதி கிடையாது.

இடையில் ராத்திரி ராத்திரியாக இதைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் மேரி-கிளேர் கிங் என்ற விஞ்ஞானி 1974-ல் தேட ஆரம்பித்திருக்கிறார். மார்பகப் புற்று ஒரே ஜீனால் பரம்பரையாக வரலாம் என்பதை அப்போது பெரும்பாலோர் நம்பவில்லை. பதினாறு வருடம் குடும்பம் குடும்பமாக, இதே மாதிரி வட்டமும் சதுரமுமாக வரைந்து, 1990-ல் அது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994-ல் ஜீனையே பிரித்தெடுத்தார்கள். எடுத்த நிறுவனம் அதற்குக் காப்புரிமையும் வாங்கியது. மனுஷன் உடம்பில் இயற்கையாக இருப்பதற்கு யாரும் காப்புரிமை கேட்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 2013 ஆயிற்று.

185டெல்ஏஜி என்று தேடினால் முதலில் வருவது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள். அவர்களிடம் நூற்றில் ஒருவர் அளவுக்கு இது இருக்கிறது. மன்னார்குடிக்கு எப்படி வந்தது? அக்கா மகன், "மாமா, நாம யூதர்களா?" என்று கிண்டலடித்தான். ஆனால் 2009-ல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியக் குடும்பங்களில் இதே பிழை அடிக்கடி தென்படுவதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கு முன் 2007-ல் வந்த ஓர் ஆய்வு, ஓர் இந்தியக் குடும்பத்தில் இது யூதர்களிடமிருந்து வராமல் தனியாகவே தோன்றியிருக்கிறது என்று காட்டியது. ஒரே எழுத்துப்பிழையை இரண்டு கணக்கப்பிள்ளைகள் தனித்தனியாகச் செய்த மாதிரி. எங்களுடையது எந்தக் கணக்கப்பிள்ளையின் வேலையோ.

கேன்சர் ஆய்வு என்றதும் நம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் நினைவு வருகிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்த மருத்துவமனைக்காக அலைந்து 1954-ல் திறந்தார். அத்தைக்கு அங்கே ஒரு தரம் காட்டியிருக்கலாம். மன்னார்குடியிலிருந்து ஓர் இரவுப் பயணம்தான்.

அக்கா இப்போது தேவலை. கீமோவுக்குப் பிறகு ஓலாபரிப் மாத்திரை காலையும் இரவும். அந்தக் கோளாறே இங்கே உதவிக்கு வருகிறது. புற்று செல்லில் ஒட்டுவேலை செய்யும் ஒரு வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. மாத்திரை இன்னொரு வழியையும் அடைக்கிறது. ஒட்ட வழியில்லாமல் அந்த செல் சாகும். நல்ல செல்லுக்கு ஒரு சரியான பிரதி இருப்பதால் பிழைத்துக்கொள்ளும். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. யாரோ உட்கார்ந்து தந்திரமாக யோசித்திருக்கிறார்கள்.

நானும் டெஸ்ட் எடுத்தேன். இருக்கிறது. எனக்குப் பெரிய ஆபத்தில்லை, மார்பில் கட்டி தட்டுப்படுகிறதா பார்த்துக்கொள்ளுங்கள், புராஸ்டேட் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றார்கள். என் கவலை எனக்காக இல்லை. மகளுக்கு இருபத்து மூன்று. அவளுக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி, பூவா தலையா கணக்கு. வந்திருந்தால் எண்பது வயதுக்குள் மார்பகப் புற்று வர நூற்றுக்கு 72, சினைப்பையில் 44 என்று 2017-ல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. இருபத்தைந்திலிருந்து வருஷத்துக்கு ஒரு எம்ஆர்ஐ, குழந்தை பெற்ற பிறகு முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் சினைப்பைகளை எடுத்துவிடுவது என்பது டாக்டர்கள் சொல்லும் வழி. மனைவி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்: "கல்யாணம் முடியற வரைக்கும் வெளிய மூச்சு விடக்கூடாது." அம்மா அன்று சொன்ன அதே காரணம், முப்பது வருஷம் கழித்து.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன், முகவர் நண்பர்கள் திட்டுவார்கள். டெஸ்டுக்கு முன்னாலேயே மகள் பெயரில் ஒரு டேர்ம் ஆயுள் பாலிசி போட்டுவிடலாம் என்று முதல் நாளே தோன்றியது. பரம்பரைக் கோளாறு என்ற பொத்தாம்பொதுவான விலக்கைக் காட்டி மருத்துவக் காப்பீட்டில் பணம் மறுப்பது பாகுபாடு என்று 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் சுற்றறிக்கையும் வந்தது. அதெல்லாம் மருத்துவக் காப்பீடு. ஜீனைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்க அமெரிக்காவில் 2008-ல் வந்த ஜீனா சட்டம்கூட ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை. ஃபாரத்தை எடுத்து நிரப்பினேன். அப்பா: 50, நலம். அம்மா: 46, நலம். உடன்பிறந்தவர்: இல்லை. அக்கா அவளுக்கு அத்தை, அத்தைக்குத்தான் கட்டம் கிடையாதே. ஒரு பொய் இல்லை. பரிபூரண நம்பிக்கையின் பேரில் நடக்கும் தொழில் இது என்று புது முகவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். ஃபாரம் இன்னும் பையில்தான் கிடக்கிறது. மகள், "நான் எப்ப டெஸ்ட் எடுக்கறதுன்னு நான் சொல்றேன்பா" என்று சொல்லிவிட்டு சிறுசேரிக்கு ஷிஃப்டுக்குப் போய்விட்டாள்.

அந்தத் தாளில் மிச்சமிருந்தது அத்தையின் மகள் செல்வி. நாற்பத்தேழு வயது, இரண்டு பெண்கள். எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவள் வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போனதிலிருந்து பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. (அச்சகத்தில் விட்டுப்போனதுதான். யாரும் நம்பவில்லை.) நான்கு நாள் தள்ளிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன்.

"செல்வி, நான்தான். ஒரு முக்கியமான விஷயம்."

"பாலிசின்னா வேணாங்க அத்தான். ஏற்கெனவே ரெண்டு இருக்கு."

சொன்னேன். அக்கா, அப்பாயி, ரத்தம், இரண்டு எழுத்து எல்லாம். அவள் நடுவில் பேசவே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"அம்மாவுக்குக் காத்து கருப்பு அடிச்சுதுன்னுதான் எங்க அப்பாயி சொல்லும்" என்றாள். "எனக்கு ஒம்பது வயசு. கிட்டவே விடலை."

அப்புறம் கேட்டாள், "அந்த டெஸ்டுக்கு வெறும் வயித்துல வரணுமா?"

"வேணாம், சாப்பிட்டுட்டே வரலாம்."

சனிக்கிழமை மன்னை எக்ஸ்பிரஸில் வந்து தாம்பரத்தில் இறங்குகிறாள். ஸ்டேஷனுக்கு நான் போக வேண்டும். பத்திரிகை விஷயத்தை நேரில் வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள்.