பல்லித் தொட்டியில் குடியேறிய குட்டிக் கொசுக்கள்

எங்கள் வீட்டில் வளரும் க்ரெஸ்டட் கெக்கோ என்கிற பல்லியின் கண்ணாடித் தொட்டியைத் திறந்தாலே நாலைந்து கறுப்புப் பூச்சிகள் முகத்தில் வந்து மோத ஆரம்பித்தபோது, பழ ஈ என்றுதான் முதலில் நினைத்தேன். கெக்கோவுக்குப் பழக்கூழ்தான் சாப்பாடு, இரவு மிச்சம் வைத்ததைக் காலையில் எடுக்க நான் மறந்துபோவதும் உண்டு. சரி என்று ஒரு வாரம் ஒழுங்காகக் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். பூச்சி குறையவே இல்லை.

உற்றுப் பார்த்தால் உருவமே வேறு. பழ ஈ கொஞ்சம் உருண்டையாக, பழுப்பாக இருக்கும். இதுவோ ஒல்லி உடம்பும் நீளக் காலுமாக, நேராகப் பறக்கக்கூடத் தெரியாமல் மண்மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஃபங்கஸ் நாட், அதாவது ஈர மண்ணில் பெருகுகிற, குட்டிக் கொசு மாதிரியான பூச்சி. உறுதிசெய்துகொள்ள உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மண்ணில் அழுத்தி வைத்தேன். மூன்றாம் நாள் திருப்பினால், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி வெளிறிய உடம்பும் கறுப்புத் தலையுமாகப் புழுக்கள் நெளிகின்றன.

இந்த இடத்தில் பதற்றத்தில் மண் முழுவதையும் அள்ளிக் கொட்டப் பார்த்தேன். நல்லவேளை, செய்யவில்லை. அதே மண்ணில் வெள்ளைத் துகள் போலத் துள்ளுகிற ஸ்ப்ரிங்டெயில்களும், பல காலோடு ஊர்கிற ஐசோபாட்களும் என்று நல்லது செய்யும் குட்டி உயிர்கள் இருந்தன. பூஞ்சையையும் எச்சத்தையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது அவைதான். (பல்லியின் உடம்பிலேயே, கண்ணோரத்திலோ செதில் இடுக்கிலோ, புள்ளி புள்ளியாக ஏதாவது ஊர்ந்தால் அது வேறு கதை. அது ரத்தம் குடிக்கும் உண்ணியாக இருக்கலாம், மருத்துவரிடம் போய்விடுங்கள்.)

பூச்சிமருந்து எதுவும் வேண்டாம் என்பதில் மட்டும் நான் கறார். கெக்கோவுக்கு இமை கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும், இலையில் நிற்கும் நீர்த்துளியைத்தான் குடிக்கும். இலையில் எதைத் தெளித்தாலும் அது கடைசியில் அதன் வாய்க்குள்தான் போகும். வேப்பெண்ணெய் இயற்கைதானே என்றார் ஒரு நண்பர். இயற்கைதான், ஐசோபாட்டையும் இயற்கையாகவே கொல்லும். மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொட்டிக்கு வெளியே, காற்றுவலைக்குப் பக்கத்தில் மாட்டினேன். உள்ளே வைத்தால் முதலில் ஒட்டுவது பல்லியாகத்தான் இருக்கும், அதன் தோலைப் பிய்த்து எடுப்பதை நினைக்கவே பயம்.

அட்டையில் ஒட்டுவது பறக்கிற பூச்சி மட்டும்தான். அது ஒரு வாரம் பத்து நாள் இருந்துவிட்டுச் செத்துப்போகும், அதற்குள் நூறுக்கு மேல் முட்டை இட்டுவிடும். மண்ணில் இருக்கும் புழுவை விட்டுவிட்டுப் பறப்பதைத் துரத்தியதில் இரண்டு வாரம் வீணானது.

உண்மையில் தப்பு என்னுடையது. கெக்கோவுக்கு ஈரப்பதம் வேண்டும் என்று படித்துவிட்டு, காலையும் மாலையும் மண் சொதசொதவென்று ஆகும்வரை தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு வேண்டியது காற்றில் ஈரம், சேறு இல்லை. அடியில் கூழாங்கல் அடுக்கில் குழாய் விட்டுப் பார்த்தால் தண்ணீர் தேங்கி நாற்றம் அடித்தது. சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். அப்புறம் இரவில் மட்டும், இலைகளிலும் கண்ணாடியிலும் படும்படி லேசாகத் தெளித்து, மண்ணின் மேல் இரண்டு சென்டிமீட்டர் காயவிட்டேன். புழுக்கள் இருப்பது அந்த மேல்மண்ணில்தான். ஐசோபாட்களுக்காக ஒரு மூலையில் பாசியை மட்டும் ஈரமாக வைத்தேன், அவை காய்ந்தால் செத்துவிடும்.

கூடவே பி.டி.ஐ. என்கிற பாக்டீரியா. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டுபிடித்தது, கொசுப்புழுவை ஒழிக்க உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். இந்தப் புழுக்களின் குடலில்தான் அதன் நஞ்சு வேலை செய்யும், பல்லியை ஒன்றும் செய்யாது. வேறு ரசாயனம் கலக்காததாகப் பார்த்து வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, செடிகளுக்கு ஊற்றும் தண்ணீராக அதையே வாரம் ஒருமுறை ஊற்றினேன். முட்டையையும் கூட்டுப்புழுவையும் அது தொடாது, அதனால் ஒரு முறையோடு நிறுத்தக் கூடாது. முட்டையிலிருந்து பூச்சியாக மூன்று நாலு வாரம் ஆகும், அவ்வளவு நாளும் ஊற்ற வேண்டும்.

இரண்டாம் வாரம் எதுவும் மாறவில்லை, கிட்டத்தட்ட கைவிட்டுவிட்டேன். நாலாம் வாரம் அட்டையில் இரண்டோ மூன்றோதான். ஐந்தாம் வாரம் இன்னொரு உருளைக்கிழங்குத் துண்டு வைத்துத் திருப்பினேன்: புழு ஒன்றுகூட இல்லை, கொழுத்த ஐசோபாட் இரண்டு உட்கார்ந்து பாதியைத் தின்று முடித்திருந்தன.