இருபது காசு

அத்தை வீட்டுக்குப் பின்னால், மேட்டடியில் ஓடும் சிமெண்டுக் கால்வாயில் ஒரு விரிசல். தீபாவளிக்குப் போனபோது அதில் இருபது காசைச் செருகிப் பார்த்தேன். இறுக்கமாக நின்றது.

இன்று காலை செருகினேன். உள்ளே விழுந்து, கண்ணில் படாமல் போய்விட்டது.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் மூன்று நாளாக விடாத மழை. சரிவில் போர்த்திய நீலத் தார்ப்பாய் கிழிந்து தொங்குகிறது. வடியும் தண்ணீர் தேத்தாரே, அதாவது ஆற்றிய பால் தேநீர், நிறம். மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம்.

“முப்பது வருசமா இருக்கேன், ஒன்னும் ஆவாதுலா” என்றார் அத்தை.

1993 டிசம்பர் 11 அன்று, கோலாலம்பூர் அருகே ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் மண்சரிவில் சாய்ந்து 48 பேர் போனார்கள். அவர்களும் அப்படித்தானே நினைத்திருப்பார்கள்? 2017 அக்டோபரில் நம் பினாங்கின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்திலேயே 11 தொழிலாளர்களை மண் மூடியது. பெரும்பாலும் பிழைக்க வந்தவர்கள். இன்னமும் மனசு ஆறவில்லை.

விரிசலைப் படமெடுத்து மாநகர் மன்றத்துக்கு அனுப்பிவிட்டு, அத்தையைக் கையோடு அழைத்து வந்துவிட்டேன். சாமிப் படம், அடையாள அட்டை, மருந்துப் பை. அவ்வளவுதான் எடுத்துக்கொண்டார்.

மழை இன்னும் விடவில்லை. ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கிறார்.