துபாய் இந்தியப் பள்ளியில் சம்பள உயர்வு: முதலில் பேசிக்கைப் பாருங்கள்

துபாயில் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆங்கிலம் எடுக்கும் நம்மூர் ஆசிரியர்கள் நிறையப் பேர். இன்கிரிமென்ட் பேச்சு வந்தால் பலரும் கேட்பது "மாசம் கையில எவ்வளவு வரும்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. கூடும் தொகை சம்பளத்தின் எந்தத் தலைப்பில் போய் உட்காருகிறது?

ஒரு கணக்குப் போடுவோம். மாதச் சம்பளம் 5,000 திர்ஹாம். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 3,000, வீட்டு அலவன்ஸ் 1,500, போக்குவரத்து 500. பள்ளி 500 திர்ஹாம் கூட்டித் தரச் சம்மதிக்கிறது, ஆனால் 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று போடுகிறது. மாதாமாதம் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வேலையை விட்டுக் கிளம்பும் நாளில்தான் தெரியும்.

அமீரகச் சட்டப்படி கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை, கடைசியாக வாங்கிய பேசிக்கை வைத்துத்தான். முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக். 3,000 பேசிக் என்றால் ஒரு நாளுக்கு 100, வருடத்துக்கு 2,100, ஐந்து வருடத்துக்கு 10,500. அந்த 500 பேசிக்கில் சேர்ந்திருந்தால் 12,250. ஐந்தாவது வருடத்தில்தான் உயர்வு வந்தது என்றாலும், முந்தைய நாலு வருடங்களுக்கும் புதிய பேசிக்தான் கணக்கு. ஐந்து வருடம் தாண்டினால் அடுத்து வரும் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் என்பதால் இடைவெளி இன்னும் விரியும். ஹெச்.ஆர். ஆட்களுக்கு இது அத்துப்படி. அலவன்ஸில் தாராளமும் பேசிக்கில் கஞ்சத்தனமும் ஏன் என்று இப்போது புரியும்.

சில கான்ட்ராக்டுகளில் பேசிக் பாதிக்கும் கீழே கிடக்கும்: 5,000-ல் 2,000 மட்டும். இந்த நிலையில் இருப்பவர் உயர்வே கேட்காமல், அலவன்ஸிலிருந்து 1,000-ஐ பேசிக்குக்கு மாற்றித் தரச் சொல்லலாம். இந்த மாதச் செலவில் பள்ளிக்கு ஒரு திர்ஹாம்கூட ஏறாது. பட்ஜெட் இல்லை என்ற பதில் இங்கே செல்லாது.

எவ்வளவு கேட்பது? துபாய் தனியார் பள்ளிகள் நினைத்தபடி ஃபீஸ் ஏற்ற முடியாது. துபாய் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கே.ஹெச்.டி.ஏ. வருடாவருடம் அறிவிக்கும் கல்விச் செலவுக் குறியீட்டை ஒட்டித்தான் ஏற்றலாம். 2024-25-க்கு அது 2.6 சதவீதம், 2025-26-க்கு 2.35 சதவீதம். 5,000-ல் 2.35 சதவீதம் என்றால் சுமார் 117 திர்ஹாம். பள்ளியின் பெரிய செலவே சம்பளம்தான். ஆகவே "விலைவாசி ஏறிடுச்சு, 15 சதவீதம் கொடுங்க" என்று பொதுவாகக் கேட்டால், பிரின்சிபாலுக்கு மனம் இருந்தாலும் கை நீளாது. அந்தக் குறியீட்டைத் தாண்டிய தொகை வேண்டுமென்றால் வேலையின் அளவு மாறியிருப்பதைக் காட்ட வேண்டும். ஆறாம் வகுப்போடு சேர்ந்தவருக்குப் பத்தாம் வகுப்பும் வந்திருக்கலாம், ஒப்புக்கொண்டதைவிட வாரத்துக்கு நாலு பீரியட் கூடியிருக்கலாம், துறைத் தலைவர் பொறுப்பு தலையில் விழுந்திருக்கலாம்.

ஆங்கில ஆசிரியருக்கு இன்னொரு துருப்புச்சீட்டு உண்டு. துபாய் பள்ளிகள் பங்கேற்கும் பி.ஐ.ஆர்.எல்.எஸ். தேர்வு நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளப்பது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருவது. 2021-ல் நடந்தது, அடுத்த சுற்று 2026. மதிப்பெண் பள்ளியின் பெயரோடு ஒட்டிய விஷயம் என்பதால் வாசிப்பு முன்னேற்றத்தை எண்ணாகக் காட்டினால் நிர்வாகத்தின் காது நிமிரும். "நன்றாக உழைத்தேன்" என்று எழுதுவதில் பயனில்லை. "28 பேரில் ஏப்ரலில் 9 பேர் வகுப்புத் தரத்துக்குக் கீழே வாசித்தார்கள், பிப்ரவரியில் 3 பேர்" என்கிற மாதிரி எழுத வேண்டும். கூடவே போர்டு தேர்வில் ஆங்கிலச் சராசரி, போன வருடத்தோடு ஒப்பிட்டு. எல்லாம் ஒரே பக்கத்துக்குள். இரண்டாவது பக்கத்தை யாரும் திருப்ப மாட்டார்கள்.

நேரம் தப்பினால் எல்லாம் வீண். ஏப்ரலில் வகுப்பு தொடங்கும் பள்ளியில், அடுத்த வருடம் தொடர்கிறீர்களா என்ற படிவம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் கைக்கு வரும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சம்பளம் பேசுவது, தாலி கட்டியபின் ஜாதகம் பார்ப்பது போலத்தான். நவம்பரிலேயே பேச்சைத் தொடங்குங்கள். நேராக உரிமையாளரிடம் போகாதீர்கள். பிரின்சிபாலைத் தாண்டிப் போனவரின் கோரிக்கை திரும்பப் பிரின்சிபால் மேசைக்குத்தான் வரும், அப்போது அவர் முகம் வேறாக இருக்கும்.

அறைக்குள் போனதும் எண்ணைச் சொல்லிவிடுங்கள். "மேடம், ஏப்ரலிலிருந்து பேசிக்கை 3,000-லிருந்து 3,500 ஆக்கித் தர முடியுமா? காரணங்களை இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்." அவ்வளவுதான், பிறகு வாயைத் திறக்கக் கூடாது. நம்மவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். எதிரில் இருப்பவர் காகிதத்தைப் படிக்கும் அரை நிமிட மௌனம் தாங்காமல், "இல்லன்னா 200 ஆனாலும் பரவாயில்ல மேடம்" என்று தானே இறங்கிவிடுவார்கள். அவர் பேரமே பேசவில்லை, நீங்களே பேசி முடித்துவிட்டீர்கள்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் கொடுக்கும் சம்பளத்தை ஒப்பிடாதீர்கள். அங்கே ஃபீஸே வேறு, அந்தப் பேச்சு எடுபடாது. ஒப்பிட வேண்டுமென்றால் அதே ஃபீஸ் வாங்கும் இன்னொரு இந்தியப் பள்ளியின் ஆஃபரோடு ஒப்பிடுங்கள். கையில் ஆஃபர் லெட்டர் இல்லாமல் "ராஜினாமா பண்ணிடுவேன்" என்று மிரட்டினால், "சரி" என்று பதில் வரும் ஆபத்து இருக்கிறது. "உங்க விசாவுக்கு நாங்க செலவு பண்ணியிருக்கோமே" என்று பள்ளி சொன்னால் தயங்க வேண்டாம். வேலைக்கு எடுக்கும் செலவை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்பதே சட்டம்.

குடும்பத்தை அழைத்துவர நினைப்பவருக்கு இன்னொரு எல்லைக்கோடு முக்கியம். ஸ்பான்சர் செய்ய 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000-த்துடன் தங்குமிடம் வேண்டும். 3,800-ல் நிற்பவர் 200 கேட்கும்போது இந்தக் காரணத்தையும் சொல்லலாம். சிறு தொகை, தெளிவான தேவை, மறுப்பது கடினம்.

பணமாக முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டால், பிள்ளையின் ஃபீஸ் சலுகையைக் கூட்டக் கேளுங்கள். 10,000 திர்ஹாம் ஃபீஸில் 25 சதவீதச் சலுகை 50 ஆனால் வருடத்துக்கு 2,500 மிச்சம், மாதம் 200-க்கும் மேல் உயர்வு கிடைத்த மாதிரி. பள்ளிக்கோ அது காலியாகக் கிடக்கிற ஒரு நாற்காலி.

சம்மதம் கிடைத்தால் அன்றைக்கே நாலு வரி மின்னஞ்சல்: எந்த மாதம் முதல், புதிய பேசிக் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, பேசியதற்கு நன்றி. பிரின்சிபால் மாறிப் போனால் வாய்மொழி வாக்கும் அவரோடு விமானம் ஏறிவிடும். மின்னஞ்சலோடும் நிறுத்தாதீர்கள். தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவான கான்ட்ராக்டே திருத்தப்பட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அது மாறாமல் கூடுதல் தொகையை மட்டும் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், பிரச்சினை வரும் நாளில் பதிவில் இருக்கும் பழைய எண்ணைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அமைச்சகத்தின் செயலியில் உங்கள் கான்ட்ராக்டை நீங்களே திறந்து பார்க்கலாம். ஏப்ரல் சம்பளம் ஏறியதும் முதலில் அங்கே போய் பேசிக் வரியைப் படியுங்கள்.