42 வந்தால் பாஸ், எனக்கு வந்தது 40

மோட்டார் சைக்கிள் லைசன்ஸுக்கான எழுத்துத் தேர்வில், கடைசிக் கேள்விக்கு விடையை அழுத்தியதும் மதிப்பெண் திரையிலேயே வந்துவிடுகிறது. யாரும் பெயரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. 50-க்கு 40. பாஸ் ஆக 42 வேண்டும். வெளியே என் மகன் சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "பரவால்லமா, வாங்க, நாசி லெமாக் சாப்பிடலாம்" என்றான். போன வருடம் அதே அறையில் அவன் எடுத்தது 49. அதை அவன் அப்போது சொல்லாமல் இருந்ததே பெரிய விஷயம்.

எனக்கு வயது 41. நாங்கள் இருப்பது மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில். பூலாவ் திக்குஸில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை. பக்கம்தான், ஆனால் பஸ் என்றால் கொம்தாரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். கணவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவருக்குக் காலை ஷிப்ட் வரும் வாரங்களில் நான் யாரையாவது கேட்க வேண்டும். பதினைந்து வருடமாக "கொஞ்சம் விட்டுட்டு வர்றீங்களா" என்று கேட்டுக் கேட்டே அலுத்துப்போனது.

லைசன்ஸ் இல்லாமலே ஓட்டினால் என்ன என்று கேட்பவர்களும் எங்கள் குடும்பத்தில் உண்டு. என் சித்தப்பா ஒருவர் முப்பது வருடம் அப்படித்தான் ஓட்டினார். எந்தெந்த இரவில் எங்கே போலீஸ் ரோடு பிளாக் வரும் என்று கணக்குப் போட்டுக் கிராமத்து வழியாகச் சுற்றிப் போவதிலேயே அவர் காலம் கழிந்தது. ஒருமுறை வேறொருவர் காரின் மேல் இடித்துவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் லைசன்ஸ் இல்லை என்றதும் இன்சூரன்ஸ் கைவிரித்துவிட்டது. அந்தக் கடனை அடைக்கச் சித்தியின் சங்கிலி போனது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சரி, பதிந்துவிட்டேன். நான் எடுத்தது பி2. 250 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு அந்த லைசன்ஸ் போதும். 16 வயது ஆனாலே எடுக்கலாம் என்பதால் வகுப்பில் என்னைச் சுற்றி எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். கேபிபி 01 என்கிற முதல் வகுப்பு ஒரு முழு நாள். ஏர்கோன் குளிரில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் வரிசையில் இரண்டு பையன்கள் தூங்கிவிட்டார்கள். வகுப்பெடுத்த சிக்கு, அதாவது ஆசிரியர், அவர்களை எழுப்பவில்லை. குரலையும் உயர்த்தாமல் ஒன்று சொன்னார்: இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். பிறகு அறையில் இருந்தவர்களை விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார். ஆறோடு நிறுத்திக்கொண்டார். ஆறாவது ஆள் நான்.

அன்று கேட்டதில் இன்னொன்றும் மனதில் நின்றது. பகலில் மோட்டார் விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம் இங்கே 1992-லிருந்து இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எதிரே வரும் மோட்டாரைப் பார்த்து "லைட்டை அணைக்க மறந்துட்டாங்க" என்று அப்பாவிடம் சொன்னதாக ஞாபகம். அவர் ஏன் சிரித்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இனி அந்த 40-க்கு வருகிறேன். படிக்காமல் போகவில்லை. மகன் என் போனில் பயிற்சிச் செயலியை ஏற்றிக் கொடுத்தான். பாத்திரம் கழுவிவிட்டு, படுக்கப் போகும் முன், பஸ்ஸில் என்று இரண்டு வாரம் தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசி நாட்களில் 48, 49 என்று வந்தது. ஆனால் நான் படித்தது சட்டத்தை இல்லை, விடை இருக்கும் இடத்தை. இந்தப் படம் வந்தால் இரண்டாவது, அந்தப் படம் வந்தால் கடைசி. கேள்வியின் முதல் மூன்று சொல்லைப் பார்த்ததும் விரல் தானாகப் போகும். தேர்வில் விடைகளின் வரிசை வேறாக இருந்தது. சில கேள்விகளில் "கூடாது" என்ற ஒரு சொல் கூடுதலாக இருந்தது. கேள்விக்கு முன்பே என் விரல் ஓடியது. முக்கால் மணி நேரத் தேர்வை நான் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

இரண்டாவது தடவைக்கு முறையை மாற்றினேன். எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து எறிவதில்லை, பின்பக்கம் கணக்கு எழுதுவோம். அந்தத் தாள்களில், மலாய்க் கேள்வியை ஒரு முறை படித்துவிட்டு, அதன் விஷயத்தைத் தமிழில் எனக்குப் புரிகிற மாதிரி எழுதினேன். மொழிபெயர்ப்பு இல்லை, யாருக்கோ விளக்கிச் சொல்வது போல. எழுத முடியவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

அப்படி எழுதும்போதுதான் பலகைகளுக்கு ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. மஞ்சள் டைமண்ட் என்றால் எச்சரிக்கை, முன்னால் ஏதோ இருக்கிறது. சிவப்பு வட்டம் என்றால் செய்யாதே. நீல வட்டம் என்றால் செய்தே ஆக வேண்டும். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால், பார்த்தே இராத படம் வந்தாலும் பாதி விடை கையில். நில் என்கிற "பெர்ஹெந்தி" பலகைக்கு மட்டும் எட்டு மூலை, வழி விடு என்கிற "பெரி லாலுவான்" பலகைக்கு மட்டும் தலைகீழ் முக்கோணம். எழுத்து அழிந்திருந்தாலும், பின்பக்கமிருந்து பார்த்தாலும், உருவத்தை வைத்தே இன்னதென்று தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. ஜெலுத்தோங் சந்தையிலிருந்து திரும்பும்போது ஒரு பலகையின் பின்பக்கத்தைப் பார்த்து "எட்டு மூலை, நிற்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். காய் வாங்கிக்கொண்டு கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாதிரி பார்த்தார்.

முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு விநாடி இடைவெளி வேண்டும் என்பது இன்னொரு பாடம். முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பித்து, நாம் அதே கம்பத்தை இரண்டு விநாடிக்கு முன்பே தொட்டுவிட்டால் ஒட்டிப் போகிறோம் என்று பொருள். விநாடியை எப்படி எண்ணுவது? நான் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் வளர்ந்தவள். "வேல் வேல், வெற்றிவேல்" என்று நிதானமாகச் சொல்லி மகனின் போனில் நேரம் பார்த்தேன். கிட்டத்தட்ட இரண்டு விநாடி. மழை என்றால் இரண்டு முறை சொல்லிக்கொள்வேன். கணவரின் காரில் உட்கார்ந்து இதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததில் தெரிந்தது, அவர் முதல் வேலிலேயே கம்பத்தைத் தாண்டிவிடுகிறார். அதற்குப் பிறகு என்னைக் காரில் படிக்க விடவில்லை.

போக்குவரத்துக் குற்றங்களுக்குப் புள்ளி போடும் கெஜாரா முறை பற்றிய பகுதியில்தான் நான் அதிகம் விட்டிருந்தேன். குற்றத்துக்கு எத்தனை புள்ளி என்பது வெறும் எண்ணாக மனதில் நிற்கவில்லை. என் பணத்தோடு சேர்த்து யோசித்ததும் நின்றுவிட்டது. பாஸ் ஆன பிறகு முதல் இரண்டு வருடம் பி (P) லைசன்ஸ், புதிதாக ஓட்டுபவர்களுக்கான தற்காலிக லைசன்ஸ். அந்தக் காலத்தில் 10 புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் ரத்து. சிவப்பு விளக்கில் போனால் 4 புள்ளி, இரட்டைக் கோட்டில் முந்தினால் 4 புள்ளி. ஆக, மூன்று முறை அவசரப்பட்டால் நான் கட்டிய ஐந்நூறு ரிங்கிட் சொச்சமும் இந்த அலைச்சலும் போய், மறுபடி அந்த ஏர்கோன் அறையில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். அப்புறம் மறக்குமா?

ஓர் எச்சரிக்கை. உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி தன் பழைய குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தாள். மது அளவு 100 மில்லி லிட்டர் இரத்தத்துக்கு 80 மில்லி கிராம் என்று அதில் அடிக்கோடு போட்டிருந்தது. 2020-இல் சட்டத்தைத் திருத்தி அதை 50 ஆக்கிவிட்டார்கள். யார் கொடுத்தாலும் பழைய புத்தகத்தை வாங்காதீர்கள்.

இரண்டாவது தேர்வுக்குத் தேதி வாங்குவதே தனிக் கதை. பயிற்சிப் பள்ளிக் கிளார்க் என் பெயரைப் பதிய மறந்துவிட்டு, முதல் நாள் சாயங்காலம்தான் சொன்னார். நான் ஏற்கெனவே லீவு போட்டிருந்தேன். கோபம் தலைக்கேறியது. ஆனால் இனி அவர் மூலமாகத்தானே எல்லாம் நடக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வாரம் போனேன். மலாயிலேயே எழுதினேன், பயிற்சி எல்லாம் மலாயில் என்பதால். ஒவ்வொரு கேள்வியையும் கடைசிச் சொல் வரை படித்தேன். 47.

இதோடு பாதி முடிந்தது என்று நினைத்தேன். தித்தியை அப்போது நான் பார்த்திருக்கவில்லை.

தித்தி என்பது பயிற்சித் திடலில் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திக் கட்டிய ஒடுக்கமான, நீளமான பாதை. மோட்டாரில் ஏறி, அதன் மேல் மெதுவாகப் போய், மறுமுனையில் இறங்க வேண்டும். சர்ரென்று தாண்டி ஓடிவிடவும் கூடாது. நடுவில் சக்கரம் விழுந்தால் பெயில். கால் கீழே பட்டால் பெயில். எனக்குக் கொடுத்தது ஒரு பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5, சீட்டில் கறுப்பு டேப் ஒட்டியது. கப்சாய் என்று நாங்கள் சொல்லும் இந்த மாதிரிச் சின்ன மோட்டாருக்குக் கையில் கிளட்ச் இல்லை. அதனால் வேகத்தைக் கட்டுப்படுத்த வலது கைக்கும் வலது காலுக்கும்தான் வேலை. முதல் கியர், திராட்டில் கொஞ்சம், அதே நேரத்தில் பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி.

முதல் நாள் ஒன்பது முறை முயன்று ஒன்பது முறையும் விழுந்தேன். விழுந்தேன் என்றால் அடிபடவில்லை, ஒவ்வொரு முறையும் பாதி தூரத்தில் முன்சக்கரம் இடது பக்கம் சரிந்து இறங்கிவிடும். மலாய்க்கார சிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தே ஓ ஐஸ் குடித்துக்கொண்டே பார்த்தார். என்னை "காக்" என்று கூப்பிடுவார், நாம் அக்கா என்பது போல. பத்தாவது முறைக்கு முன் எழுந்து போய்த் தித்தியின் மறுமுனைக்கு அப்பால் நின்றார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சுக்கு நேரே பிடித்தார். "காக், பாண்டாங் டெப்பான். டாயார் ஜாங்ஙான் தெங்ஙோ." முன்னால் பார், டயரைப் பார்க்காதே.

நான் அதுவரை டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்புக்கும் டயருக்கும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் பார்க்க வண்டியும் அந்த விளிம்புக்கே போனது. முழங்கால் இரண்டையும் வண்டியோடு ஒட்டிக்கொண்டு, அந்த நீலத் தொப்பியை மட்டும் பார்த்தேன். அதில் ஒரு கால்பந்துக் குழுவின் சின்னம், நூல் பிரிந்து தொங்கியது. அந்த நூலைப் பார்த்தபடியே போனேன். 'டக்' என்று பின்சக்கரம் இறங்கிய சத்தம் கேட்டபோதுதான் முடிந்துவிட்டது தெரிந்தது. சிக்கு தொப்பியை மறுபடி தலையில் போட்டுக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினார். பாராட்டெல்லாம் இல்லை.

மற்றவை அவ்வளவு பாடுபடுத்தவில்லை. கோன்களுக்கு நடுவே வளைந்து போவது சைக்கிள் ஓட்டியவர்களுக்குச் சுலபம். சிக்கு விடாமல் திட்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: சிக்னல். காரில் திருப்பி முடித்ததும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து அதுவே அணைந்துவிடும். இதில் நாம்தான் அணைக்க வேண்டும். வலது பக்கம் திரும்பி முடித்து நேரே போய்க்கொண்டிருப்பேன், சிக்னல் இன்னும் கண்ணடித்துக்கொண்டிருக்கும். பின்னால் வருகிறவன் நான் திரும்பப் போகிறேன் என்று நம்பிவிடுவான் என்று எத்தனை முறை சொன்னாரோ.

ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, நடத்தும் தேர்வு நாளன்று காலையில் தூறல். எண் போட்ட மேலங்கியைக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் போன பெண் தித்தி நடுவில் காலை ஊன்றிவிட்டாள், பதினேழு வயது இருக்கும். அழுதுகொண்டே திரும்பி வந்தவளைப் பார்த்ததும் என் வலது கால் பிரேக் மேல் ஆட ஆரம்பித்தது. மறுமுனையில் சிக்கு இல்லை, தொப்பியும் இல்லை. வேலிக்கு அப்பால் ஒரு வாழை மரம் இருந்தது. அதில் கிழிந்த இலை ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். கிளம்பும் முன் கண்ணாடி, தோளுக்கு மேல் ஒரு பார்வை, ஒவ்வொரு சந்திப்பிலும் முழுதாக நின்று இரண்டு பக்கமும் பார்ப்பது என்று எல்லாவற்றையும் அதிகாரி கண்ணுக்குத் தெரியும்படி கொஞ்சம் மிகையாகவே செய்தேன். கழுத்து வலித்தது. பாஸ்.

பி லைசன்ஸ் இப்போது மைஜேபிஜே செயலியில் போனிலேயே வந்துவிடுகிறது. மகன் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான். என் தங்கை மட்டும் "இந்த வயசுல எதுக்குக்கா" என்று எழுதினாள். அவளுக்கு நான் பதில் போடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்க மோட்டாரிலேயே போனேன். பினாங்குப் பாலத்தில் மோட்டாருக்கு 2019-லிருந்து டோல் கிடையாது. ஆனால் பதின்மூன்றரை கிலோமீட்டர், நடுக்கடலில் பக்கக்காற்று, பக்கத்தில் லோரி. அதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, பெரி என்கிற பயணப் படகில் ஏறினேன். இந்தப் புதுப் பெரிகளில் கார் ஏற்றுவதில்லை, மோட்டாரும் சைக்கிளும்தான். இறங்கி, சந்திப்பில் வலது பக்கம் திரும்பி, நிமிர்ந்து உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்த ஒரு மலாய்க்காரர் என்னைப் பார்த்து இடது கை விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டினார். வாழ்த்துகிறார் போலிருக்கிறது என்று நானும் தலையாட்டிச் சிரித்தேன். அவர் விடாமல் விரலை விரித்துக்கொண்டே வந்தார்.

சிக்னல் எரிந்துகொண்டிருந்தது.