வீடியோ காலுக்கு எஸ்ஆர்வி ரெக்கார்டு: பெரம்பூர் – ராயபுரம் செட்டப், இதுவரை

வெளியிலிருந்து லின்ஃபோன் என்ற நெட் கால் ஆப்பில் 3500@நம்ம-டொமைன் என்று அடித்தால், பெரம்பூரில் ஓடும் ஃப்ரீஸ்விட்ச் என்ற கால் சர்வரின் வீடியோ ரூமுக்குள் போய் நிற்க வேண்டும். அது படுத்துவிட்டால் ராயபுரத்து மெஷின் எடுக்க வேண்டும். டொமைனின் ஏ ரெக்கார்டு (பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் வரி) வெப்சைட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அதைத் தொட முடியாது. அதனால்தான் எஸ்ஆர்வி: ஒரு சேவைக்கு எந்த மெஷின், எந்த போர்ட் என்று தனியாகச் சொல்லும் டிஎன்எஸ் வரி.

டிஎன்எஸ்ஸில் கை வைக்கும் முன் ரூட்டரின் வான் ஐபியை (இணையப் பக்கத்து ஐபி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் அது சிஜிநாட், அதாவது ஒரே பொது ஐபியைப் பலருக்கும் பங்கிடும் ஏற்பாடு. எந்த ரெக்கார்டு போட்டும் கால் உள்ளே வராது. இரண்டு இடத்துக்கும் ஸ்டேடிக் ஐபி வாங்கியாயிற்று. ரூட்டரில் காலைத் தொடங்க டிசிபி 5080, 5081, ஒலியும் படமும் போக யூடிபி 16384–32768 திறந்து, சிப் ஏஎல்ஜியை (கால் செய்திகளை ரூட்டரே திருத்தும் வசதி) அணைத்தாயிற்று. சிப் என்பது நெட் கால்களை இணைக்கும் நெறிமுறை, சிப்ஸ் அதன் என்க்ரிப்ட் வடிவம்.

போட்டவை இவை (இங்கே தமிழில் இருக்கிறது, டிஎன்எஸ் பேனலில் ஆங்கில எழுத்துதான்; வீடியோ1 பெரம்பூர், வீடியோ2 ராயபுரம்):

_சிப்ஸ்._டிசிபி 300 எஸ்ஆர்வி 10 0 5081 வீடியோ1
_சிப்ஸ்._டிசிபி 300 எஸ்ஆர்வி 20 0 5081 வீடியோ2
_சிப்._டிசிபி 300 எஸ்ஆர்வி 10 0 5080 வீடியோ1
_சிப்._டிசிபி 300 எஸ்ஆர்வி 20 0 5080 வீடியோ2

300 என்பது டிடிஎல், அதாவது பதில் கேஷில் இருக்கக்கூடிய செகண்ட். அடுத்து ப்ரையாரிட்டி: சின்ன எண்ணுக்குத்தான் முதல் மரியாதை. பிறகு வெயிட் (ஒரே ப்ரையாரிட்டி உள்ளவற்றுக்குள் பங்கு பிரிக்கும் எண்), போர்ட், கடைசியில் டார்கெட் மெஷின். வீடியோ1, வீடியோ2 இரண்டுக்கும் நேரடி ஏ ரெக்கார்டு வேண்டும், சிநேம் (இன்னொரு பெயரைக் காட்டும் வரி) கூடாது. சில கிளையன்ட் (கூப்பிடும் ஆப்) அதையும் பொறுத்துக்கொள்ளும், சில பேசாமல் விழும். அந்தக் குழப்பம் வேண்டாம்.

முதலில் சிப்ஸ் வரிகளை மட்டும் போட்டபோது சில கால்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. காரணம்: வெறும் 'சிப்:' முகவரிக்குப் பொருந்தும் எஸ்ஆர்வி கிடைக்காவிட்டால், கிளையன்ட் டொமைனின் ஏ ரெக்கார்டுக்கே சிப்பின் வழக்கமான யூடிபி 5060-இல் தட்டும். அங்கே இருப்பது வெப் சர்வர், யார் பதில் சொல்வது? யூடிபி வரி வேண்டுமென்றே போடவில்லை. வீடியோ இன்வைட்டில் (காலுக்கு அழைக்கும் முதல் செய்தி) கோடெக், அதாவது ஒலி-பட வடிவங்களின் பட்டியல் நீளம். 1300 பைட்டைத் தாண்டினால் டிசிபிக்கு மாறு என்பதுதான் விதி.

பேனல் சொல்வதை நம்பாதீர்கள். அது பச்சை டிக் காட்டியது. டெர்மினலில் டிஎன்எஸ்ஸை விசாரிக்கும் 'டிக்' (dig) கமாண்ட் கொடுத்தால் காலி. பெயர்க் கட்டத்தில் முழு டொமைனையும் அடித்திருந்தோம், பேனல் தன் பங்குக்கு இன்னொரு முறை ஒட்டிக்கொண்டது. டார்கெட் பக்கம் கடைசிப் புள்ளி விடுபட்டாலும் சில பேனலில் இதே கதைதான். திருத்திய பிறகும் கொஞ்ச நேரம் காலியாகவே வரும்: 'இல்லை' என்ற பதிலும் கேஷில் உட்காரும், எவ்வளவு நேரம் என்பது எஸ்ஓஏவின் (டொமைனின் தலைமை டிஎன்எஸ் வரி) கடைசி எண்ணைப் பொறுத்தது. அதே கமாண்டில் நேம்சர்வரின் பெயரை @ போட்டு நேராகக் கேட்டால் உண்மை தெரியும்.

சர்ட்டிஃபிகேட்டில் வீடியோ1 மட்டும் இருந்தால் டிஎல்எஸ் (என்க்ரிப்ட் ஆன) கால் விழும். கூப்பிடுபவர் அடித்த டொமைன் பெயரைத்தான் கிளையன்ட் அதில் தேடும். போர்ட் 80 வெப்சைட்டிடம் இருப்பதால், டொமைன் நம்முடையது என்பதை டிஎன்எஸ்ஸின் டிஎக்ஸ்டி ரெக்கார்டு வழியாகக் காட்டி, லெட்ஸ் என்க்ரிப்ட்டின் இலவச சர்ட்டிஃபிகேட்டை எடுத்தோம்.

வெளியிலிருந்து வரும் கால் ஃப்ரீஸ்விட்ச்சின் பப்ளிக் கான்டெக்ஸ்டில் (வெளியாருக்கான விதிப் பகுதி) இறங்கும். அங்கே 3500 தவிர எதற்கும் வழி விடாதீர்கள். திருட்டுக் கால் தேடும் பாட்கள் வந்துகொண்டே இருக்கும்.

பெரம்பூரில் சர்வீஸை மட்டும் நிறுத்திப் பார்த்தால் கால் அடுத்த கணமே ராயபுரம் போகிறது, ஏனென்றால் மெஷின் 'முடியாது' என்று உடனே சொல்லிவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கினால் அப்படியில்லை. பதிலே வராது, சிப் கணக்கில் 32 செகண்ட் வரை கிளையன்ட் காத்திருக்கலாம், அதற்குள் ஆள் கட் பண்ணிவிடுவார். கரண்ட் போகும்போது நடப்பது இந்த இரண்டாவது வகைதான். ஆகவே சர்வரோடு ரூட்டரும் ஃபைபர் பாக்ஸும் இப்போது யுபிஎஸ்ஸில். நடுவில் அறுந்த காலை எஸ்ஆர்வி காப்பாற்றாது, திரும்ப அடிக்க வேண்டியதுதான். கடைசியாக, டிடிஎல்லை 300-இலிருந்து 3600-க்கு ஏற்றியாயிற்று.