புரூம் நகரின் பழைய விடுதி

முத்துக்குளித்தலால் வளர்ந்த மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரில், சைனாடவுன் எனப்படும் பழைய சீனர் பகுதியில் 1890ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ரோபக் பே ஹோட்டலின் வாசலில் நேற்று மாலை நெடுநேரம் நின்றிருந்தேன். உள்ளூர்க்காரர்கள் இதை 'ரோயி' என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

முத்துக்குளித்தல் என்றவுடன் கொற்கையை நினைத்துக்கொள்ளும் நமக்கு, இவ்வூரின் செல்வம் முத்தைவிடச் சிப்பியின் ஓட்டிலிருந்தே வந்தது என்பது வியப்பாக இருக்கும். சட்டைப் பொத்தான்கள் செய்வதற்காகக் கப்பலேறிய அந்த ஓட்டைத் தேடி, முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ 400 பாய்மரப் படகுகள் இங்கிருந்து கடலுக்குச் சென்றன.

தொடக்க காலத்தில் பழங்குடி மக்களைக் கட்டாயப்படுத்தி, எந்தக் கருவியும் இல்லாமல் மூழ்கச் செய்தார்கள். விடுதியின் பெருமையைப் பேசுவோர் இதை ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பின்னர் செம்புத் தலைக்கவசம் அணிந்து ஆழத்தில் இறங்கிய ஜப்பானியர்களில் பலர், விரைந்து மேலேறும்போது இரத்தத்தில் நைட்ரஜன் குமிழியிடும் நோயாலும் புயல்களாலும் மாண்டனர். இங்குள்ள ஜப்பானியர் கல்லறைத் தோட்டத்தில் 900க்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள்.

பிளாஸ்டிக் பொத்தான்கள் வந்ததும் ஓட்டின் மதிப்பு வீழ்ந்தது. 1956இல் வடக்கே குரி விரிகுடாவில் தொடங்கிய முத்து வளர்ப்புதான் அத்தொழிலுக்கு மறுவாழ்வு அளித்தது; அவ்வகை முத்துகளை விற்கும் கடைகள் இன்று விடுதிக்கு அருகிலேயே இருக்கின்றன.